மரவில்லில் விரிசலா? கோடு ஓடும் திசையை முதலில் பாருங்கள்

கையால் செதுக்கிய மரவில்லில் ஒரு கோடு கண்ணில் பட்டதும் பெரும்பாலோர் பசையைத் தேடி ஓடுகிறார்கள். சிலர் ‘மெல்லிய கோடுதானே’ என்று அடுத்த அம்பைத் தொடுக்கிறார்கள். இரண்டுமே அவசரம். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு கோடுகளில் ஒன்று வில்லின் ஆயுள் முழுக்க அப்படியே கிடந்து ஒரு தொல்லையும் தராது. மற்றது அடுத்த இழுப்பிலேயே வில்லை இரண்டாக்கிவிடும். எது எந்த வகை என்று பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். கோடு வில்லின் எந்த முகத்தில் இருக்கிறது? அது நெடுக ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா?

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வில்லில் தெரியும் பழுது பெரும்பாலும் அந்த இடத்தின் குற்றம் மட்டுமல்ல. பக்கத்து இடங்கள் வளையாமல் விறைப்பாக நிற்பதால், சுமை முழுவதும் அந்த ஓரிடத்தில் வந்து விழுந்திருக்கும். பழுதை மட்டும் ஒட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவைத்தால், அதே இடமோ அதை ஒட்டிய இடமோ மறுபடி போகும்.

முதுகும் வயிறும்

வில்லை ஏந்தி நிற்கும்போது இலக்கைப் பார்க்கும் முகம் முதுகு. உங்களைப் பார்க்கும் முகம், அதாவது நாண் இருக்கும் பக்கம், வயிறு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களுக்கு லிம்ப் என்று பெயர்.

நாணை இழுத்தால் முதுகு நார்கள் நீட்டப்படுகின்றன, வயிற்று நார்கள் அமுக்கப்படுகின்றன. லிம்பின் நடுத்தடிப்பில் இருக்கும் மரத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. சுமையை வாங்குவது மேலும் கீழும் உள்ள சில மில்லிமீட்டர்தான். பழுதுகள் வெளிப்பரப்பில் தொடங்குவது இதனால்தான்.

பழுதற்ற மரம் நார் ஓடும் திசையில் இழுவையைத் தாங்கும் வலு, அமுக்கத்தைத் தாங்கும் வலுவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே சுமை மிஞ்சும்போது முதலில் தோற்பது பெரும்பாலும் வயிறுதான். அது மெதுவாக, சத்தமில்லாமல் நசுங்கும். முதுகு அப்படியல்ல. நார் நடுவில் வெட்டுப்பட்டிருந்தாலோ, கணுவைச் சுற்றி வளைந்து ஓடினாலோ, மரம் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலோ அது திடீரென்று பிய்த்துக்கொள்ளும். முதுகுப் பழுதைக் கண்டால் அன்றைக்கு எய்வதை நிறுத்திவிட வேண்டும். வயிற்றுப் பழுது யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் தரும்.

சோதிப்பது எப்படி

நாணை இறக்கிவிட்டு, விளக்கு மங்கிய அறையில் ஒரு டார்ச்சை லிம்பின் பரப்பை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர்மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டு ஒளியில்தான் தலைமுடி அளவு மேடும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கைப்பிடியிலிருந்து நுனி வரை அங்குல அங்குலமாகப் பாருங்கள். நான்கு ஓரங்களையும் விட வேண்டாம்.

அடுத்து ஒரு பஞ்சு உருண்டை. அதை முதுகின்மேல் இரு திசையிலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். எங்காவது சிலாம்பு கிளம்பியிருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். கண்ணுக்குத் தப்பியதைப் பஞ்சு பிடித்துவிடும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். சிலாம்பு ஏறினால் விரலுக்கும் கேடு, உள்ளே உடைந்துகொண்டால் ஒட்டும் வேலைக்கும் கேடு.

பிறகு வில்லை நாணேற்றி, ஒரு பெரிய தாளில் கிடத்தி அதன் வளைவைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பி மேல் லிம்பின் கோட்டையும் கீழ் லிம்பின் கோட்டையும் ஒப்பிட்டால், எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே பலகைபோல் விறைத்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும். முதுகில் சிலாம்போ குறுக்குக்கோடோ ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்த நாணேற்றும் சோதனை வேண்டாம்.

இழுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நாண் காடியில், அதாவது நுனியில் நாண் மாட்டும் வெட்டில், நகர்ந்து உட்கார்ந்த சத்தமாக இருக்கலாம், கைப்பிடியின் பசை விட்டதாக இருக்கலாம், நார் அறுந்ததாகவும் இருக்கலாம். மூன்றையும் பார்த்து முடிக்காமல் மறுபடி இழுக்கக் கூடாது.

நெடுக ஓடும் விரிசல்

மரம் காயும்போது வெளிப்பரப்பு உள்ளைவிட முந்திச் சுருங்குவதால் வரும் வெடிப்பு இது. நாரோடு நாராகப் பிளந்திருக்கும், எந்த நாரும் அறுந்திருக்காது. இழுவையும் அமுக்கமும் அதே திசையில் போவதால் இந்த விரிசல் சுமைப் பாதையைக் குறுக்கிடுவதில்லை. லிம்பின் நடுவில் நேராகக் கிடந்தால் நீர்போல் இளகிய சூப்பர் குளூவை ஊற்றி நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும்.

கவனிக்க வேண்டியது விரிசலின் முடிவை. சாய்வாக ஓடி லிம்பின் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த முனை ஒருநாள் சிலாம்பாகக் கிளம்பும். கைப்பிடியின் மெலிந்த இடத்தில் முதுகிலிருந்து வயிறு வரை ஊடுருவிப் பிளந்திருந்தாலும் அது சாதாரணக் காய்ச்சல் வெடிப்பல்ல. அந்த இரண்டு இடங்களிலும் பசையோடு நூல்கட்டும் தேவை.

சூப்பர் குளூ பற்றி ஒரு எச்சரிக்கை. வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது வேகமாக இறுகி, கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், புகையும். காற்றோட்டமான இடத்தில் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள்.

முதுகில் கிளம்பும் சிலாம்பு

இது பெரும்பாலும் ஆண்டு வளையம் வெட்டுப்பட்ட இடத்தில் வரும். முதுகு முழுக்க ஒரே ஆண்டு வளையமாக இருந்தால் நார்கள் நுனிமுதல் நுனிவரை அறுபடாமல் போகும். இழைப்புளி எங்காவது ஒரு வளையத்தைத் தாண்டி அடுத்த வளையத்துக்குள் இறங்கியிருந்தால், அங்கே முடிந்துபோன நார்களின் நுனி இழுப்பின்போது மேலே எழும்ப முயலும். கூராக விடப்பட்ட ஓரமும் இன்னொரு காரணம். முதுகின் இரு ஓரங்களையும் 2, 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டிருந்தால் பாதிச் சிலாம்புகள் பிறக்கவே பிறக்காது.

சரிசெய்யும் முன் அளவிடுங்கள். சிலாம்பு மேலோட்டமாக, அகலத்தில் கால் பங்குக்குள் அடங்கினால் வில்லைக் காப்பாற்றலாம். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தாலோ, லிம்பின் தடிப்பில் கால் பங்கு ஆழம் வரை போயிருந்தாலோ அந்த வில்லை நம்பி இழுப்பது சரியல்ல.

முதலில் அந்த இடத்தை மிக லேசாக வளைத்து, வாய் திறக்கும் அளவுக்கு மட்டும் சிலாம்பை எழுப்புங்கள். ஊதித் தூசியை வெளியேற்றிவிட்டு இளகிய சூப்பர் குளூவை அடி வரை இறங்கவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, சைக்கிள் டியூபை நெடுக அறுத்த பட்டையால் இழுத்துச் சுற்றி அமுக்குங்கள். ரப்பர் பட்டை, கிளாம்பைவிட இதற்கு நல்லது. வளைந்த பரப்பிலும் அழுத்தம் சீராகப் பரவும். ஒரு முழுநாள் விட்டுவிட வேண்டும். பிரித்தபின் பசை மேட்டை மட்டும் உப்புத்தாளால் எடுங்கள். பக்கத்து நார்களைத் தேய்த்துவிட்டால் புதிதாக ஒரு வெட்டு உண்டாக்கியதாகிவிடும்.

பிறகு நூல்கட்டு. பட்டு நூலோ ஆளிச்செடியின் நாரில் செய்த லினன் நூலோ எடுத்து, சிலாம்பின் இரு முனைகளையும் தாண்டி 2, 3 செ.மீ. வரை இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றி, மேலே பசையை ஊறவிடுங்கள். இந்தக் கட்டு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூல் லிம்புக்குக் குறுக்கே ஓடுகிறது, இழுவையோ நெடுக ஓடுகிறது. ஆகவே கட்டு அந்த இழுவையில் துளியும் பங்கு வாங்காது. சிலாம்பு மறுபடி தலைதூக்காமல் அழுத்திப் பிடிப்பது ஒன்றுதான் அதன் வேலை. கட்டு தடிமனாக இருப்பதால் வலு கூடிவிட்டது என்று நினைத்து முழு வலுவில் இழுப்பவர்கள்தான் இரண்டாம் முறை வில்லை உடைக்கிறார்கள்.

சுமையைக் குறைப்பது வயிற்றுப் பக்கத்தில் நடக்க வேண்டும். முதுகைத் தொடவே கூடாது. வில் முழுக்க வயிற்றிலிருந்து சீராகச் சுரண்டி, இழுவிசையைப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இறக்குங்கள். 50 பவுண்டு வில்லானால் 43 முதல் 45 பவுண்டுக்குக் கொண்டுவருவது.

வயிற்றில் குறுக்குக்கோடுகள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடும் பழுது இதுதான். வயிற்று நார்கள் அமுக்கம் தாங்காமல் மடிந்து நசுங்கிய இடங்கள், லிம்புக்குக் குறுக்கே தலைமுடி அளவுக் கோடுகளாகத் தெரியும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு அதே இடத்தில் பத்து. 1545இல் அச்சான ஆங்கில வில்வித்தை நூல் ஒன்று இந்த நோயைப் புற்றோடு ஒப்பிட்டு, வில்லின் வலுக்குறைந்த இடங்களில் ஊர்ந்து பெருகுவது என்று விவரித்து, வில் எங்கும் சீராக வட்டமாக வளையும்படி தேர்ந்த கையால் திருத்தவேண்டும் என்று மருந்தும் சொல்லியிருக்கிறது. இன்றுவரை அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அரத்தின் தடத்தையும் நசுங்கல் கோட்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அரத்தின் தடம் நேராக, ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் இருக்கும். நசுங்கல் கோடு நெளிந்து, கிளைத்து, சில இடங்களில் மெல்லிய மேடாகப் புடைத்திருக்கும். ஐயமிருந்தால் 220 எண் உப்புத்தாளால் நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். அரத்தின் தடம் மங்கி மறையும். நசுங்கல் அங்கேயே நிற்கும், எண்ணெய் தடவினால் இன்னும் கறுத்துத் தெரியும். பிளாக் லோகஸ்ட் என்ற மேலைநாட்டு மரம் இந்தக் கோடுகளுக்குப் பேர்போனது. ஹிக்கரி, எல்ம் போன்ற மரங்கள் பெரும்பாலும் கோடு விழுவதற்குப் பதிலாகக் கூன் போடும், அதாவது நாண் இறக்கிய பிறகும் வளைந்தே நிற்கும்.

இதைப் பசையால் ஒட்ட முடியாது. ஒட்டுவதற்கு அங்கே இடைவெளியே இல்லை. நார் பிளக்கவில்லை, மடிந்திருக்கிறது. மடிந்த நாரை நிமிர்த்தும் பசை எதுவும் இல்லை.

கோடுகள் சில மட்டும் என்றால் செய்ய வேண்டியது இது. கோடு விழுந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இங்கே கருவி படக்கூடாது’ என்று முடிவுகட்டுங்கள். பிறகு 15 செ.மீ. நீளமுள்ள நேரான மரக்கட்டை ஒன்றின் நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். வில்லை நாணேற்றி, கட்டையை வயிற்றின்மேல் வைத்தால் அதிகம் வளைந்த இடத்தில் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமிருக்கும். அந்த இடத்தில் பென்சில் முனை மரத்தை மயிரிழையில் தொடாதபடி இறுக்கிவையுங்கள். இப்போது கட்டையை லிம்ப் நெடுகிலும் நகர்த்தினால், குறைவாக வளையும் இடங்களில் பென்சில் தானாகவே கோடு போடும். சுரண்ட வேண்டியது அந்த இடங்களைத்தான். கைப்பிடியும் நுனியின் கடைசிச் சில அங்குலங்களும் விறைப்பாக இருக்க வேண்டியவை, அங்கே விழும் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். இயற்கையிலேயே நெளிந்த கட்டையில் செய்த வில்லுக்கு இந்தக் கருவி தவறான இடத்தைக் காட்டும், அதற்குக் கண்தான் துணை.

எவ்வளவு சுரண்டுவது? இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். லிம்பின் விறைப்பு அகலத்தின் நேர்விகிதத்தில் மாறும், தடிப்புக்கோ மும்மடி விகிதத்தில் மாறும். 12 மி.மீ. தடிப்புள்ள இடத்தில் 1 மி.மீ. எடுத்தால் அந்த இடத்தின் விறைப்பில் சுமார் 23 விழுக்காடு போய்விடும். அரை மி.மீ. எடுத்தாலே 12 விழுக்காடு. ஆகவே அரத்தை வைத்துவிட்டு, மெல்லிசாகச் சுரண்டும் தகடான ஸ்கிரேப்பரை எடுங்கள். இருபது முறை சுரண்டியதும் வில்லை முப்பது முறை பாதி இழுப்புக்கு இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். மரம் தன் புதிய வளைவுக்குப் பழக இந்த இழுப்புகள் தேவை.

ஓரிடத்தில் கோடுகள் ஆழமாக இறங்கிவிட்டால் வயிற்றில் ஒட்டுப்போடலாம். நசுங்கிய மரம் முழுவதும் போகும் வரை படகின் அடிபோல ஆழம் குறைந்த, நீண்ட பள்ளம் எடுக்க வேண்டும். தடிப்பில் மூன்றிலொரு பங்குக்குமேல் ஆழம் போகக்கூடாது, நீளம் 15 செ.மீ.க்குக் குறையக்கூடாது, இரு முனையும் மெல்ல மெல்லக் கரைந்து மேலேற வேண்டும். அதே மரத்தின் மெல்லிய பட்டையை அதே நார்த்திசையில் வளைத்து, எபாக்ஸியால் ஒட்டி, காய்ந்தபின் மட்டம் செய்ய வேண்டும். வயிற்றில் இது நிலைக்கும். அமுக்கம் ஒட்டைப் பள்ளத்துக்குள்ளேயே நெருக்கிப் பிடிக்கிறது. முதுகில் இதே வேலையைச் செய்தால் இழுவை ஒட்டின் முனைகளை உரித்தெடுத்துவிடும்.

கூனும் கீலும்

நாண் இறக்கிய பிறகும் நுனிகள் வயிற்றுப் பக்கமாகவே வளைந்து நின்றால் வில் கூன் போட்டுவிட்டது என்று பொருள். கைப்பிடியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நுனி சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். எய்து முடித்ததும் ஒருமுறை, சில மணிநேரம் கழித்து ஒருமுறை. இரண்டாவது அளவே நிலையான கூன். 2.5 செ.மீ.க்குள் இருந்தால் நல்ல வில். 5 செ.மீ. வரை வேலைக்கு ஆகும். அதற்குமேல் அம்பின் வேகம் கண்கூடாகக் குறையும். ஏற்கெனவே நசுங்கத் தொடங்கிய வயிறு என்பதால் நாளுக்கு நாள் கூடவும் செய்யும்.

கூன் லிம்ப் முழுக்கப் பரவியிருந்தால் காரணம் ஈரமான மரம், அல்லது நீளம் போதாத வில். 71 செ.மீ. இழுப்புக்கு, கைப்பிடி வளையாத வில் 160 செ.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. கூன் ஓரிடத்தில் மட்டும் முறிந்தாற்போல விழுந்திருந்தால் அது கீல். அங்கே மரம் மெலிந்துவிட்டது. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. மற்ற இடங்களை அந்த மெலிந்த இடத்தின் அளவுக்கு இறக்குவதுதான் வழி. இழுவிசை குறையும். அதை ஏற்றுக்கொண்டு திருத்திய வில் பல ஆண்டு உழைக்கும்.

ஈரப்பதம் 8 முதல் 10 விழுக்காடு வரை இருப்பது பெரும்பாலான வில்மரங்களுக்கு ஏற்றது. 12க்குமேல் போனால் கூன், 6க்குக் கீழே போனால் முறிவு. ஈரமானி இல்லாதவர்கள் வில்லைச் சமையலறைத் தராசில் தினமும் எடைபோடலாம். ஒரு வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் அறைக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மற்ற இடங்கள்

காடியில் நாண் மரத்தை அறுத்துக்கொண்டே போவதுண்டு. காடியின் விளிம்பை உருட்டி வழவழப்பாக்குங்கள், நுனி பிளக்கத் தொடங்கியிருந்தால் காடிக்குக் கீழே நூல்கட்டுப் போடுங்கள். காடி இருபக்கமும் மட்டுமே இருக்க வேண்டும், முதுகுக்குக் குறுக்கே வெட்டினால் அங்குள்ள நார்கள் அறுந்துபோகும்.

தனியாக ஒட்டிய கைப்பிடிக் கட்டை கழன்றால், மறுபடி ஒட்டும் முன் ஏன் கழன்றது என்று பாருங்கள். கட்டையின் அடியில் லிம்ப் வளைகிறது என்பதுதான் பெரும்பாலும் விடை. அங்கே அகலமும் தடிப்பும் போதாது. அதைச் சரிக்கட்டாமல் எந்தப் பசையும் பிடிக்காது.

ஒன்றிரண்டு பூச்சித்துளைகள் பழையவையானால் சூப்பர் குளூவால் நிரப்பலாம். புதிய மரத்தூள் கொட்டுகிறதென்றால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மையான கறுத்த இடம் உளுத்த மரம், அங்கே எந்தப் பழுதுபார்ப்பும் பலிக்காது.

எப்போது கைவிடுவது

முதுகில் குறுக்குக்கோடு தெரிந்தால் பேச்சே இல்லை, அந்த வில் முடிந்துவிட்டது. நார்கள் அறுந்த பிறகு மேலே பட்டை ஒட்டுவதெல்லாம் நாள் கடத்துவதுதான். முதுகுச் சிலாம்பும் அதே இடத்தில் வயிற்று நசுங்கலும் சேர்ந்திருந்தாலும், விரிசல் லிம்பின் பக்கவாட்டில் முதுகிலிருந்து வயிறு வரை இறங்கியிருந்தாலும் அப்படியே. இழுத்த நிலையில் முறியும் வில்லின் துண்டு முகத்துக்கு நேராகத்தான் வரும்.

முறிந்துபோன வில்லையும் தூக்கியெறியும் முன் முறிவைப் பாருங்கள். நீள நீளமான சிலாம்புகளோடு கிழிந்திருந்தால் மரம் நல்ல மரம், பிழை வடிவத்திலோ சுமையிலோ இருக்கிறது. கேரட்டை ஒடித்தாற்போலக் கட்டையாக முறிந்திருந்தால் மரமே நொய்ந்தது. உளுத்திருக்கும், அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும். அதே கட்டையிலிருந்து எடுத்த இன்னொரு துண்டு கையில் இருந்தால் அதை வில்லாக்க வேண்டாம்.

பழுது பார்த்த வில்லை முதல்முறை கையால் இழுக்காதீர்கள். சுவரிலோ தூணிலோ கைப்பிடியைப் பொருத்தி, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றை நாணில் மாட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். முதலில் பாதி இழுப்புக்கு முப்பது முறை. பிறகு 3 செ.மீ. கூட்டி இன்னொரு முப்பது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் டார்ச்சும் பஞ்சும். முழு இழுப்பைத் தொட்ட பிறகும் முதல் நூறு அம்புகள் வரை பத்து அம்புக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள். அம்பில்லாமல் நாணை விடுவது நல்ல வில்லையே உடைக்கும். தவறி அப்படி நேர்ந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

கைவிட முடிவெடுத்த வில்லைச் சுவரில் அழகுக்கு மாட்டிவைப்பதாக இருந்தால், இரண்டு நுனிக் காடிகளையும் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். விவரம் தெரியாத யாரும் அதில் நாணேற்ற முடியாமல் போகட்டும்.